அக்கா ரேடியோவில் பாடியதும் நிறுத்தியதும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம். அட்டையில் இருக்கும் படத்தைக் கும்பிட்டுவிட்டுப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இந்த ஒரு கட்டுரையை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள். என் அக்காவைப் பற்றி உங்களில் பல பேருக்கு ஒரு கதை தெரியும். உங்கள் அப்பா அம்மா சொல்லியிருப்பார்கள். அக்கா உட்கார்ந்திருந்தபோது யாரும் அதைப் பேசியதில்லை. எழுந்து போன பிறகுதான் பேசினார்கள். இன்று அக்கா நிரந்தரமாக எழுந்து போய்விட்டார். இனி நீங்கள் பேசுவதற்கு முன்னால் நான் பேசிவிடுகிறேன்.

நான் அவருக்கு இரண்டு வயது இளைய தங்கை. எதையும் லேசில் நம்பாதவள். தராசுத் தட்டை இரண்டு முறை உற்றுப் பார்ப்பேன், கதவு தட்டினால் பெயர் கேட்காமல் திறக்க மாட்டேன். "சித்தி கோயில் தீர்த்தத்தைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பாங்க" என்று அக்காவின் மகன் கேலி செய்வான். அது உண்மைதான். இந்தக் குணம் எனக்கு எந்த வயதில் வந்தது என்பதும் இந்தக் கட்டுரைக்குள்தான் இருக்கிறது.

அக்கா பிறந்தது ரங்கூன் அலோனில், ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில். எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பா அரிசிக் கிட்டங்கியில் மேஸ்திரியாக உயர்ந்தவர். அம்மாவுக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் தங்கியது நாங்கள் இருவர்தான். அக்கா தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தார். அதற்குள் அம்மாவுக்கு மூட்டுவலி வந்து, வீடு அக்காவின் கைக்கு வந்துவிட்டது. அரிசி களைந்துகொண்டே பாடுவார், துணி பிழிந்துகொண்டே பாடுவார். கிட்டங்கியில் இருந்து திரும்பும் ஆட்கள் எங்கள் வாசலில் நின்று ஒரு பீடி பிடித்துவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் பீடிக்காக நிற்கவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். உள்ளுக்குள் பெருமையோடு, தெரியாதது போல் இருப்பார்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது, மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் பாடினார். மறுநாள் வெள்ளைக் கோட்டும் கைக்கடிகாரமுமாக ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு சோப்புக் கம்பெனிக்கு ரங்கூன் ஏஜெண்ட் என்று சொல்லிக்கொண்டார். அந்தச் சோப்பின் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை.

இளைய தலைமுறைக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கடலுக்கு அப்பால் இருந்து சிற்றலையில் தமிழ் ஒலிபரப்பு வரும். அதில் அரை மணி நேரத்தை ஒரு கம்பெனி விலைக்கு வாங்கிக்கொள்ளும். பற்பசைக்காரர், தைலக்காரர், சோப்புக்காரர் என்று ஆளுக்கொரு நாள். தங்கள் சரக்கின் பெயரிலேயே கலை நிகழ்ச்சி நடத்துவார்கள். நாலு பாட்டு, ஒரு சிரிப்புப் பேச்சு, ஒரு விடுகதை, நேயர் கடிதம், நடுநடுவே சரக்கின் பெருமை. ரங்கூன் தமிழர்களும் சோப்பு வாங்குகிறவர்கள்தானே? அதனால் நிகழ்ச்சியில் ஒரு பகுதியை நம் ஊர்க் குரல்களைக் கொண்டே செய்ய அந்த ஏஜெண்ட் ஏற்பாடு செய்தார். ரங்கூனின் கடைத்தெருப் பகுதியான லத்தாவில் ஒரு மொத்தக் கடையின் மாடி அறையில் ஒலிப்பதிவு. ஒலிநாடாவைக் கப்பலில் அனுப்புவார்கள். இங்கே பாடியது அங்கே போய், காற்றில் ஏறி, திரும்ப இங்கே வந்து சேர ஒரு மாதம் பிடிக்கும்.

அப்பா முதலில் தயங்கினார். ஏஜெண்ட் அடுத்த முறை வந்தபோது கையோடு ஒரு ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "கம்பெனி அன்பளிப்பு மேஸ்திரி. உங்க பொண்ணு பாடறதை நீங்களே கேக்க வேணாமா?" என்றார். எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் ரேடியோ கிடையாது. அப்பாவின் தயக்கம் அந்த நிமிஷமே போய்விட்டது.

ஞாயிறுதோறும் பகலில் அப்பாவே அக்காவை லத்தாவுக்குக் கூட்டிப் போவார். மாடி அறைச் சுவரெல்லாம் சாக்கும் பழைய கம்பளியும் தொங்கும். தெருச் சத்தம் வராமல் இருக்க. மின்விசிறியும் போடக் கூடாது. வேறு ஆள் உள்ளே இருந்தால் இருமல் தும்மல் நாடாவில் விழுந்துவிடும் என்று ஏஜெண்ட் சொன்னதால், அப்பா கீழே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். இதையெல்லாம் அக்கா வந்து சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும். நானும் பாடுவேன். அக்கா அளவுக்கு இல்லை. ஆனால் நன்றாகவே பாடுவேன்.

முதல் நிகழ்ச்சி வந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. கரகரப்புக்கு நடுவில் அறிவிப்பாளர் "ரங்கூனிலிருந்து ஒரு குயில்" என்றார். அக்காவின் குரல் வந்தது. பாட்டு முடிந்ததும் "நுரையிலே மல்லிகை, தோலிலே தாமரை" என்று சோப்பைப் புகழ்ந்து அக்காவே பாடினார். எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற அக்கா மட்டும் தலையைத் தூக்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

போகப் போக அக்கா மாறினார். சனிக்கிழமைகளில் சாப்பாடு இறங்காது. லத்தாவில் இருந்து திரும்பியதும் தனாக்கா என்ற மரப்பட்டைக் குழம்பு பூசிய முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். எனக்கு அது கர்வமாகப் பட்டது. "என்னையும் கூட்டிட்டுப் போயேன் அக்கா. கோரஸ் பாடறேன்" என்று கெஞ்சினேன்.

"வேணாம்."

"ஏன்?"

"உன் குரல் அதுக்கு ஒத்து வராது."

என் வாழ்க்கையில் அக்கா என்னிடம் சொன்ன கொடுமையான வார்த்தை அதுதான். தன் இடத்துக்கு நான் வந்துவிடுவேன் என்று பயப்படுகிறார், அதனால்தான் தடுக்கிறார் என்று அன்றே முடிவு கட்டினேன். ஒருவரை நம்பாமல் இருப்பது எப்படி என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். "படிடி" என்று என்னிடம் கொடுத்தார். அம்மா கட்டிலில் இருந்தார். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். எழுத்துகள் கோணல் மாணலாக, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்றே வரி. பாடுகிற இடத்தில் உங்கள் மகளின் ஒழுக்கம் சரியில்லை. குடும்ப மானம் போகும்முன் நிறுத்துங்கள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளை அந்தப் பக்கமே அனுப்பாதீர்கள். கீழே பெயர் இல்லை. "ஒழுக்கம்" என்ற சொல்லில் "ழ"வின் வால் எழுத்தோடு ஒட்டாமல் தூண்டில் முள் மாதிரித் தனியாக நின்றது. அதைப் படிக்கத் தடுமாறினேன். அதனால் அந்தச் சொல்லை இரண்டு முறை வாசித்தேன்.

அப்பா எழுந்து போய் அக்காவை அடித்தார். அரிசிச் சட்டி கவிழ்ந்தது. "யாருடி அவன்?" என்று கேட்டார். "யாரு?" மறுபடி அடித்தார். அக்கா வாயைத் திறக்கவில்லை.

அக்கா சொல்லாத பெயரை அப்பா தானே கண்டுபிடித்தார். அந்த அறையில் ஆர்மோனியம் வாசித்தவர் காசிம் அண்ணன். லத்தாவில் அவர்கள் குடும்பத்துக்குக் குடைக்கடை. பாட்டு எழுதிய தாளைக் கொடுப்பதற்காக இரண்டு முறை எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார், உள்ளேகூட வந்ததில்லை. அப்பாவுக்கு அது போதும். கிட்டங்கி ஆட்கள் நாலு பேருடன் போய், கடை வாசலில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவில், காசிம் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். அவருடைய வாப்பா கடைக்குள்ளேயே இருந்தார். காசிம் அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. "நான் இல்லை" என்றுகூடச் சொல்லவில்லை. அவர் வாய் திறக்காததையே அப்பா சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கொடுமை. கப்பலில் போன நாடாக்கள் போனவைதானே? அக்கா பாடுவதை நிறுத்திய பிறகும் நான்கு ஞாயிறு அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. அப்பா ரேடியோ மேல் போர்வையைப் போட்டு மூடினார். ஆனால் தெருமுனை டீக்கடையில் இருந்து கேட்கும். வீங்கிய கன்னத்தோடு அக்கா பாத்திரம் துலக்குவார். வெளியே அவர் குரல் மல்லிகை, தாமரை என்று சிரித்துச் சிரித்துப் பாடும். நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்த அரை மணி நேரத்தைக் கழிப்போம்.

நான்காவது ஞாயிறுக்கு மறுநாள் ஏஜெண்ட் வந்தார். நடந்தது எல்லாம் தெரிந்தும் மிக மரியாதையாகப் பேசினார். "பெரிய பொண்ணு விஷயம் போகட்டும் மேஸ்திரி. சின்னப் பொண்ணு நல்லாப் பாடும்னு கேள்விப்பட்டேன். அதை அனுப்புங்களேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பக்கத்தில் அக்கா.

"என் வீட்டுப் பொண்ணு எதுவும் வராது" என்றார் அப்பா. "உங்க பெட்டியையும் எடுத்துட்டுப் போங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டார். உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று. தான் கெட்டதோடு எனக்கும் இல்லாமல் போனதில் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை நான் அறுபது வருஷத்துக்கு மேல் மன்னிக்கவில்லை.

கடிதத்தை எழுதியது யார்? இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரிக் குடியிருந்தது. அப்பா கோயில் கமிட்டியில் பகையாளி ஒருவரைச் சொன்னார். அம்மா ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீதானடி எழுதினே? அக்கா மேல பொறாமையிலே?" என்று கேட்டார். நான் சத்தியம் செய்தேன். அம்மா நம்பியது போல் தலையாட்டினார், நம்பவில்லை. அம்மா கேட்டதுகூட எனக்கு ஆறிவிட்டது. அக்கா என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, அதுதான் ஆறவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். கேட்காததனால், நான்தான் எழுதினேன் என்று அவர் மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அவர் என் பிள்ளைகளுக்கு மருந்து வாங்கி அனுப்பியபோதும், என் கணவர் இறந்தபோது பதினாறு நாளும் என்னோடு இருந்தபோதும், "இவ்வளவு அன்பு எதற்கு? குத்திக் காட்டவா?" என்றுதான் எனக்குத் தோன்றியது.

கெட்ட பெயர் வந்த பெண்ணுக்கு அலோனில் மாப்பிள்ளை கிடைக்கவில்லை. ஆற்றைத் தாண்டி டாலாவில், மாடு வளர்த்துப் பால் ஊற்றிய, மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அத்தானைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் தாரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், தன் மகன் ஒருவன் என்று மூன்று பேரையும் அக்கா ஒரே தட்டில் வைத்து வளர்த்தார். அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டு, நம் சனங்கள் கூட்டம் கூட்டமாகத் தாய்நாட்டுக்குக் கப்பலேறியபோதும் இவர்கள் போகவில்லை. "மாட்டை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்பார் அத்தான். மழைக்காலத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒரு வருஷம் நோய் வந்து மாடுகள் எல்லாம் செத்தன. அத்தானும் அதிக நாள் இருக்கவில்லை. அதன்பின் அக்கா தையல் மிஷின் மிதித்துத்தான் மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினார். பர்மிய அண்டை வீட்டார் அவரை "அமே" என்பார்கள். அம்மா என்று அர்த்தம்.

அவர் பாடி யாரும் கேட்டதில்லை. தாலாட்டுகூட இல்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. தெருவில் எந்தப் பெண்பிள்ளை டியூஷனுக்குப் போனாலும், கோயிலில் ஆட்டம் பாட்டு பழகினாலும், தையலை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். கதவைச் சாத்த விடமாட்டார். வாத்தியார்கள் முகம் சுளிப்பார்கள். "இந்தக் கிழவிக்கு உலகத்திலே யாரையும் நம்பிக்கையில்லை" என்று பிள்ளைகளே கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு மழைக்குப் பிறகு அக்கா படுத்துவிட்டார். இருதயம் பலவீனம் என்றார் டாக்டர். நான் வாரம் இரண்டு முறை ஃபெர்ரியில் ஆற்றைக் கடந்து, அந்தக் கரையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துப் போவேன். அப்படி ஒரு காலை, அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, இனி நேரமில்லை என்று தோன்றியது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தக் கடுதாசியை நான் எழுதலே."

அக்கா என்னையே பார்த்தார். "எந்தக் கடுதாசி?" என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"தெரியும்டி" என்றார். "நான்தானே எழுதினேன்."

அக்கா மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டுச் சொன்னார். ஏஜெண்ட் பாவனை சொல்லித்தருவதாகக் கையைப் பிடிப்பான். வாத்தியக்காரர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவான். சாக்கும் கம்பளியும் தொங்குகிற அறையில் கத்தினாலும் கீழே இருக்கும் அப்பாவுக்குக் கேட்காது. அதைக் கண்டுகொண்டவர் காசிம் அண்ணன் ஒருவர்தான். ஆர்மோனியத் துருத்தி கிழிந்துவிட்டது என்று சொல்லி, டீக்குப் போகாமல், அதைக் கழற்றி வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு வாரமும் அவர் துருத்தி கிழியும்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'ரேடியோப் பெட்டி கொடுத்த மனுஷனைப் பத்தி இப்படிச் சொல்றியே, அவ்வளவு கர்வமா உனக்கு'ன்னாங்க. உண்மையைச் சொன்னா நம்பலே. சரி, என்னைப் பத்தித் தப்பாச் சொன்னா உடனே நம்புவாங்கன்னு தெரிஞ்சுது."

"அதுக்கு நீயே உன் பேரைக் கெடுத்துக்கணுமா? முடியாதுன்னு அடம் பிடிச்சிருக்கலாமே!"

"பிடிச்சிருப்பேன். ஆனா கடைசிக்கு முந்தின வாரம் அவன் சொன்னான், 'அடுத்த தடவை தங்கச்சியையும் கூட்டிட்டு வா'ன்னு. நீ வேற வீட்டிலே ஒத்தைக் கால்ல நிக்கிறே. நான் நின்னுட்டா உன்னை அனுப்பிடுவாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தணும்னா எனக்கு வேற வழி தெரியலே."

இடது கையால் எழுதினாராம். அப்பாவோடு லத்தாவுக்குப் போகும்போதே தபால் பெட்டியில் போட்டாராம். "யாருக்குடி?" என்று அப்பா கேட்டதற்கு, "சோப்பு நிகழ்ச்சிக்கு நேயர் கடுதாசிப்பா" என்றாராம்.

"காசிம் அண்ணன்?" என்றேன்.

அக்கா அப்போதுதான் அழுதார். "யார் பேரும் எழுதலே, அதனாலே யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். பேர் இல்லாட்டி அப்பாவே ஒரு பேரைப் போட்டுக்குவார்னு அந்த வயசிலே எனக்குத் தெரியலேடி. அவர் மட்டும் வாயைத் திறந்திருந்தா அந்த அறையிலே நடந்ததும் வெளியே வந்து என் மானம் கப்பலேறியிருக்கும். திறக்கலே. நானும் திறக்கலே. அப்புறம் வருஷம் ஆக ஆகச் சொல்றது கஷ்டமாயிட்டே போச்சு."

என் குணத்தை மறைக்காமல் எழுத வேண்டும். இவ்வளவு கேட்டும் எனக்குச் சந்தேகம் வந்தது. சாகும்முன் என் மனதை ஆற்றுவதற்காக அக்கா பழியைத் தானே எடுத்துக்கொள்கிறாரோ? அடுத்த முறை போனபோது ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, "இடது கையாலே 'ஒழுக்கம்'னு எழுது பார்ப்போம்" என்றேன். அக்கா கோபப்படவில்லை. இடது கையில் பேனாவைப் பிடித்து எழுதினார். "ழ"வின் வால் ஒட்டாமல், தூண்டில் முள் மாதிரித் தனியாக நின்றது. நான் அந்தத் தாளின் மேல் தலையை வைத்து அழுதேன். அக்கா வலது கையால் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"காசிம் அண்ணன் வீட்டிலே யாராவது இருந்தா கூட்டிட்டு வா. நான் சொல்லிட்டுப் போகணும்" என்றார்.

லத்தாவில் குடைக்கடை இன்னும் இருக்கிறது. காசிம் அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் மகள் கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். முன்பின் தெரியாத கிழவி வந்து அவர் வாப்பாவைப் பற்றி விசாரித்ததும் அவர் முகம் இறுகிவிட்டது. நாட்டு நிலைமை இப்படி இருக்கும் இந்த நாளில் யார் கதவைத் தட்டினாலும் அப்படித்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"எந்த ஆபீஸ்ல இருந்து வர்றீங்க?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"ஆபீஸ் இல்லேம்மா. அலோன் மேஸ்திரி வீட்டுச் சின்ன மகள்."

உடனே தமிழுக்கு மாறினார். "எங்க வாப்பாவை அடிச்ச மேஸ்திரியா?"

"ஆமா."

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

சொன்னேன். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. குடைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். முடிவில், "எங்க உம்மா சாகிற வரைக்கும் வாப்பாவை நம்பலே, தெரியுமா?" என்றார். "கடை மூட அஞ்சு நிமிஷம் தாமதமானாலும் 'எவளைப் பார்க்கப் போனீங்க'ன்னுதான் கேப்பாங்க. வாப்பா பதிலே சொல்ல மாட்டாங்க. ஆர்மோனியத்தை அதுக்கு அப்புறம் தொட்டதே இல்லே. நீங்க சொல்றதை நான் எப்படி நம்பறது?"

"என்னை நம்ப வேணாம். அக்கா வாயாலே கேளுங்க."

அவர் டாலா வந்தது மூன்று நாள் கழித்து. துணைக்குத் தன் மகனைக் கூட்டி வந்தார். ஃபெர்ரியில் என் பக்கத்தில் உட்காராமல் மகனோடு போய் உட்கார்ந்தார். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டும் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சோதிப்பது போல், "எங்க வாப்பா பாட ஆரம்பிக்கச் சொல்லி உங்களுக்கு எப்படிச் சைகை காட்டுவாங்க?" என்றார்.

அக்கா யோசிக்கவே இல்லை. "இடது புருவத்தை மட்டும் தூக்குவார்" என்றார்.

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்களைச் சாப்பிடக் கூப்பிடறதும் அப்படித்தான்" என்று மெதுவாகச் சொன்னார்.

அக்கா கை கூப்பினார். "என்னை மன்னிச்சிடும்மா."

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு உரிமையில்லேம்மா. வாப்பாவும் இல்லே, உம்மாவும் இல்லே. கேட்டுக்கிட்டேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்." எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உங்க ஆளுங்க இன்னமும் பேசறாங்க. வாய்ப்பேச்சை யாரும் நம்ப மாட்டாங்க. எழுத்திலே போடுங்க."

அதனால் எழுத்தில் போடுகிறேன். காசிம் அண்ணன் என் அக்காவிடம் ஒரு தவறும் செய்யவில்லை. அவர் அங்கே உட்கார்ந்திருந்ததனால்தான் அக்கா காப்பாற்றப்பட்டார். அவரை நடுத்தெருவில் அடித்தது எங்கள் குடும்பம். அவர் வீட்டு நிம்மதியைக் கெடுத்ததும் நாங்கள்தான். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும், தாங்கள் யாரிடம் இருந்து அந்தப் பழைய கதையைக் கேட்டார்களோ, யாருக்குச் சொன்னார்களோ, அவர்களிடம் இதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு அக்கா பதினோரு நாள் இருந்தார். வலியிருந்தது, ஆனால் தூக்கம் நன்றாக வந்தது. ஒரு வியாழக்கிழமைக் காலை, மகன் கையால் இரண்டு வாய் பால் குடித்துவிட்டு அடங்கினார்.

இந்தக் கட்டுரையை மலரில் சேர்ப்பதில் அக்காவின் மகனுக்கு விருப்பம் இல்லை. "ஊர் மறந்ததை நாமே கிளறணுமா சித்தி?" என்று கேட்டான். "ஊர் மறக்கலேப்பா, உன் முன்னாலே பேசாம இருக்கு" என்றேன். ஒருநாள் முழுக்க யோசித்தான். பிறகு, தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்காகப் பின்பக்கம் பர்மியத்திலும் அச்சடிக்க அவனே ஏற்பாடு செய்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போன டாலா சைக்காக்காரத் தம்பிகளுக்கும், இரவு பகல் மாறி மாறி உட்கார்ந்திருந்த மா, டோ என்று நாம் மரியாதையாகக் கூப்பிடும் அண்டை வீட்டுப் பர்மியப் பெண்கள் எல்லாருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த டாக்டருக்கும், இறுதிக் காரியங்களை முன்னின்று நடத்திய கோயிலாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா காவல் உட்கார்ந்து படிக்க வைத்த பெண்கள் ஏழெட்டுப் பேர் பிள்ளை குட்டிகளோடு வந்து நின்றார்கள். அவர்களில் இருவர் இன்று பள்ளிக்கூட ஆசிரியைகள். அவர்களுக்கும் நன்றி.

மூன்றாம் நாள் லத்தாவில் இருந்து காசிம் அண்ணனின் மகள் வந்தார். எல்லாருக்கும் டீயும் ரொட்டியும் கொண்டு வந்திருந்தார். தன் பெயரை மலரில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. எங்களை முழுவதும் நம்புவதற்கு அவருக்கு இன்னும் காலம் பிடிக்கும். அது நியாயம்.

இன்று முதலாண்டு நினைவுச் சாப்பாட்டுக்கும் அவரை அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்காருவார். அவரைப் பார்த்து யாரும் யார் காதிலும் குசுகுசுக்க வேண்டாம். எதையாவது கேட்க வேண்டும் என்றால் என்னிடம் வாருங்கள். நேரே கேளுங்கள், சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை